சிவப்புத் தொட்டியில் என் சஹானா

வாத்தியம் என்றால் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம். யாராவது பாடினால் கொஞ்சமாவது வாயை மூடுகிறார்கள். வீணையோ புல்லாங்குழலோ தனியாக ஒலித்தால் மட்டும், மின்விசிறி ஓடுகிறது, ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். குருபரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையில் ஓர் உணவகம் இருக்கிறது. அங்கே கை கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறார்கள். ஒரு முறை அதில் யாரோ வீணையில் முகாரி வாசித்துக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வரிசை சேர்ந்து, ஒருவர் "தள்ளுங்கம்மா" என்ற பிறகுதான் நகர்ந்தேன். கல்லாவில் இருந்தவரிடம் வாசிப்பது யார் என்று கேட்டேன். "இன்ஸ்ட்ருமென்டல் மேடம்" என்றார். வாசித்த மனிதருக்கு அம்மா அப்பா வைத்த பெயரே அதுதான் என்பது போலச் சொன்னார்.

நான் தனி வாத்தியப் பதிவுகளைச் சேர்ப்பவள். பாட்டு இல்லாமல், பக்கவாத்தியமும் இல்லாமல், ஓர் ஆள், ஒரு கருவி, ஒரு சுருதி. நல்ல சுத்தமான பதிவுகளைவிட அழுக்கான பதிவுகள்தான் எனக்குப் பிடிக்கும். என்னிடம் உள்ள ஒரு பழைய கேசட்டில் வீணைக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். அவர் நிறுத்துகிறார், காத்திருக்கிறார். பிறகு விட்ட இடத்துக்கு ஒரு ஸ்வரம் முன்னால் இருந்து தொடங்குகிறார். அட்டை தொலைந்துபோன கேசட், அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் காத்திருத்தலை வைத்து அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றில் புல்லாங்குழல்காரர் ஒவ்வொரு முறையும் மூச்சு இழுப்பது கேட்கும். அந்தக் கேசட்டின் மூன்றாவது உருப்படி பாதியில் அந்த மூச்சில் ஒரு சளி சேர்ந்திருக்கும். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை, இருந்தும் வாசித்திருக்கிறார்.

இப்போது இணையத்தில் போய்த் தேடினால் இதே மாதிரிப் பதிவுகளைக் கழுவித் துடைத்து, ஓர் அருவிப் படத்தைப் போட்டு, தூக்கம் வர, படிப்பு ஏற, குழந்தை அழுகை நிற்க என்று போட்டிருக்கிறார்கள். வாசித்தவர் பெயரைக் காணோம். ஒரு மனிதர் விரல் தேயத் தேய நாற்பது வருஷம் வாசித்தது உங்கள் பிள்ளைக்குத் தூக்கம் வருவதற்கா? கேட்டால் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

இதெல்லாம் வெளியில் நடக்கிறவரைக்கும் திட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்தவள் நான். பீரோ, கட்டில், கிரைண்டரோடு லாரியில் வீணையும் வந்தது. லைன் வீட்டின் மாடியில் இரண்டு அறை, கீழே ஒரு சின்ன பட்டறை. என் வீட்டுக்காரர் சேலம் பக்கத்துக்காரர். இரண்டு சக்கர வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் செய்கிற கம்பெனியில் சத்தம் பரிசோதிக்கும் பிரிவில் வேலை. ஒரு கண்ணாடி அறைக்குள் கியர்பாக்ஸை ஓடவிட்டு, மைக் வைத்து, அது சீறுகிறதா முனகுகிறதா என்று கேட்பார்கள். அவர் காதுக்குக் கம்பெனியில் பெரிய மரியாதை. கணினி சரி என்று சொன்னதை அவர் கண்ணை மூடிக் கேட்டு "இல்ல, உள்ள ஒரு பல்லு அடிக்குது" என்று திருப்பி அனுப்பியதுண்டு. எட்டு மணி நேரம் இரும்பு சுற்றுவதைக் கண் மூடிக் கேட்கிற அந்த மனிதர், இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட என் வீணைக்கு எதிரே உட்கார்ந்ததில்லை. திட்டினதில்லை, தடுத்ததில்லை. நான் எடுத்து உட்கார்ந்தால் எழுந்து ஹாலுக்குப் போய்விடுவார். தொந்தரவு செய்யக் கூடாதாம்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சஹானா வாசித்துப் பதிவு செய்தேன். மைக்கையும் ரெக்கார்டரையும் அவர்தான் பொருத்திக் கொடுத்தார். சிவப்புப் பொத்தானைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். சுருதிப்பெட்டியைப் போட்டேன். அது மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது, மனசு அடங்குவதற்கு. அப்புறம் தொடங்கினேன். ஆலாபனை, அதன்பின் மீட்டு மீட்டாய் வேகமெடுக்கிற தானம், மொத்தம் நாற்பத்திரண்டு நிமிடம். வேறு எதுவும் இல்லை. சஹானாவில் ஓர் இடம் எனக்கு இருபது வருஷமாகக் கைக்கு அகப்படாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அன்று அது வந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை வந்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்து என் இடது நடுவிரல் நகக்கண் வரை போயிற்று. அப்போது நான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தேன். அன்று ஒரு பெண் லீவு. தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் பத்து நிமிடம் உட்கார் என்றார் சூப்பர்வைசர். உட்கார்ந்தேன். அவ்வளவுதான்.

வீணையில் வலது கை ஒரு முறை மீட்டும். அந்த ஒரு நாதம் தேய்ந்து அடங்குவதற்குள், இடது கை விரல்கள் இரண்டும் சேர்ந்து தந்தியை இழுத்து அதிலிருந்தே நாலைந்து ஸ்வரங்களை எடுக்க வேண்டும். மீட்டுவதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தேய்கிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு இழுக்கிற விரல் போய்விட்டது. வீணைக்கு உறை தைத்துப் போட்டேன். என்னிடம் பத்து விரல் இருந்ததற்கு அந்த நாற்பத்திரண்டு நிமிடம்தான் சாட்சி.

அவர் முதல் ஷிஃப்டுக்குப் போகிற வாரங்களில், வீட்டு வேலை முடிந்து, காலைப் பத்து மணி வாக்கில் அதைப் போட்டுக் கேட்பேன். எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று எனக்கு அத்துப்படி. பதினோராவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர். பத்தொன்பதில் என் வளையல் வீணையில் இடிக்கும். இருபத்தேழாவது நிமிடத்தில் இன்னொன்று உண்டு. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

போன மாதம் அவர் கம்பெனியில் குடும்ப விழா. மைதானத்தில் ஷாமியானா போட்டு, ஒரு பக்கம் பிள்ளைகளுக்குக் குதிக்கிற பலூன், ஒரு பக்கம் சாப்பாடு. கோபி மஞ்சூரியனுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு வீணை தொடங்கியது. சஹானா. அட, யாரோ ரசனையுள்ள ஆள் இருக்கிறாரே என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு ஸ்வரம் போனதும் வரிசையை விட்டு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினேன். அந்தப் பிடிப்பு என்னுடையது. ஆனால் அது நான் இல்லை. சுருதி இல்லை, சுத்தமாக இல்லை. வீணை எங்கேயோ அந்தரத்தில் தொங்கியது. ஸட்ஜத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் அந்த ஸ்வரத்தை எலி கடித்த மாதிரி இருந்தது. மீட்டியவுடன் ஒரு 'டங்', பிறகு ஒன்றுமில்லை. தேய்கிற இடம் முழுக்க வெட்டப்பட்டிருந்தது. இருபது வருஷம் அகப்படாமல் அன்று வந்ததே ஓர் இடம், அது தேய்கிற இடத்தில்தான் இருந்தது. மூன்று தடவையும் அங்கே வெறும் ஓட்டை.

அவர் தட்டோடு வந்து நின்றார். முகத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கி வைத்திருப்பவரின் சிரிப்பு. "உன்னுதுதான். க்ளீன் பண்ணிக் குடுத்தேன்" என்றார். அவருடன் வேலை செய்கிற பெங்களூர்க்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு, "தும்ப சென்னாகிதே மேடம். என்னா கிளாரிட்டி" என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். மற்றவர்கள் கேட்கவே இல்லை. யாருக்கோ கரண்டி விழுந்தது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், பலூனிலிருந்து ஒரு குழந்தை அழுதது. நான் தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு வண்டி நிறுத்துகிற இடத்துக்கு நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். லேமினேட் செய்திருந்தார். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்', இரண்டு கிராஃப். கம்பெனியில் எந்த மேம்பாடு செய்தாலும் அப்படி ஒரு தாள் போட வேண்டுமாம், அந்தப் பழக்கம். என்ன செய்தார் என்பதைப் படிப்படியாக விளக்கினார், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துக்கொண்டு. கியர்பாக்ஸை ஓடவிடுவதற்கு முன் அறையில் இருக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் தனியாக எடுத்துக்கொள்வார்களாம். பிறகு மொத்தத்திலிருந்து அதைக் கழித்துவிட்டால் கியர் சத்தம் மட்டும் நிற்கும். என் பதிவிலும் அப்படியே செய்திருக்கிறார். ஆரம்பத்தில் நான் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை எடுத்து, இதுதான் தேவையில்லாத சத்தம் என்று கணினியிடம் சொல்லியிருக்கிறார். சுருதியை. நான் எதன் மேல் உட்கார்ந்து வாசித்தேனோ அதை. அத்தோடு விட்டாரா, ஓர் அளவுக்குக் கோடு போட்டு, அதற்குக் கீழே இருக்கிற மெல்லிய ஓசைகளையெல்லாம் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

"காதுல போட்டுக் கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கிராஃப் பக்காவா வந்துது" என்றார்.

பழையது எங்கே என்று கேட்டேன். அழித்துவிட்டாராம். கணினியிலிருந்து, பென் டிரைவிலிருந்து, என் கைப்பேசியிலிருந்தும். நான் குளிக்கும்போது எடுத்து மாற்றியிருக்கிறார், ஆச்சரியமாக இருக்கட்டுமென்று. கம்பெனியில் ஒரு வரைபடத்துக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டால் பழையதை ஒன்று விடாமல் திரும்ப வாங்கி அழித்துவிட வேண்டும். "ரெண்டு ரிவிஷன் ஒரே நேரத்துல ஃப்ளோர்ல இருந்தா எவனாச்சும் பழசப் பாத்து பீஸ் அடிச்சிடுவான், அதாம்மா" என்றார். எவன் அடிப்பான்? எங்கள் வீட்டு ஃப்ளோரில் யார் இருக்கிறார்கள், எங்கள் இரண்டு பேரைத் தவிர?

நான் கத்தினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை, கீழே பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அவர் திகைத்து நின்றார். "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வார்த்தைதான் எனக்கு ஆகவே ஆகாது. கெட்டதுக்குச் செய்தவனை அடிக்கலாம். நல்லதுக்குச் செய்தவரை என்ன செய்வது? அந்தத் தாளைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். லேமினேட் செய்தது, கிழியவும் இல்லை. சமையல் மேடையில் சூடான கடாய் இறக்கி வைக்க அதை வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது, 'பின்' என்ற பக்கம் உருகிப்போய்.

அந்தப் பதிவை நான் ஒரே ஒருத்திக்குத்தான் அனுப்பியிருந்தேன். யூனிட்டில் என்னோடு வேலை செய்தவள், இப்போது தளியில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறாள். போனில் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மறுநாளே பஸ் ஏறினேன். இரண்டு முறை போன் மாற்றிவிட்டாளாம். பழைய போனைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, அரை மணி காத்திருந்தோம். அது உயிர் பெறவில்லை. கன்னடமும் தமிழும் கலந்து என் வீட்டுக்காரரை எனக்காகக் கொஞ்ச நேரம் திட்டினாள். அப்புறம், "விடுக்கா. இன்னொரு வாட்டி வாசிச்சு எடுத்துக்கோ" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தாள். காபி கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று புரிந்தது. அவர் அந்த ஒலிப்பதிவைத் திறந்தார், அளந்தார், கழித்தார், வெட்டினார், தாள் போட்டார், கம்பெனிக்குக் கொடுத்தார். இத்தனை வேலைக்கும் நேரம் இருந்தது. நாற்பத்திரண்டு நிமிடம் கேட்க மட்டும் இல்லை. கேட்டிருந்தால் சுருதி இல்லாமல் போனது அந்தக் காதுக்கு முதல் நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு பல் தேய்ந்தால் கண்டுபிடிக்கிற காது அது. கேட்கத் தகுந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த உணவகத்துக் கல்லாக்காரருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? கல்லாக்காரராவது என்னோடு குடித்தனம் நடத்தவில்லை.

ஆறு நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், பேசவில்லை. ஏழாம் நாள் ஞாயிறு காலை, அவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் எதிரே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

கம்பெனியில் இன்னொரு வழக்கம் உண்டு, எனக்கும் யூனிட்டில் பழக்கமானதுதான். பழைய வரைபடத்தை அழித்துவிடுவார்கள். ஆனால் கழித்துத் தள்ளிய பாகத்தை உடனே எறிய மாட்டார்கள். தரம் பார்க்கிற ஆடிட்டர் வந்து பார்க்கிற வரைக்கும் சிவப்புத் தொட்டியில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். அவர் என் பதிவிலிருந்து கழித்த ஓசைகளையும் அப்படித் தனியாக ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். கை பழக்கத்தில் செய்தது, அவருக்கே மறந்துபோயிருக்கிறது. அதற்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். கழித்ததையும் மிச்சத்தையும் கூட்டினால் பழையது அப்படியே வந்துவிடும், ஓர் இம்மி குறையாது என்றார்.  உடனே கூட்டிவிடுகிறேன் என்று கை நீட்டினார்.

"கூட்டாதீங்க. மொதல்ல இதத் தனியாப் போடுங்க. உக்காந்து கேளுங்க" என்றேன்.

"இது வெறும் கழிவும்மா."

"உக்காருங்க."

உட்கார்ந்தார், தரையில், என் எதிரே, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக. கழிவு ஓடத் தொடங்கியது. சுருதி. அதன் மேல் விரல் தந்தியில் உரசுகிற ஓசை, தலையில்லாத வால்களாக ஸ்வரங்கள் தேய்வது, என் மூச்சு. மூக்கால் இழுத்து வாயால் விடுகிறேன், கடினமான பிடி வரும்போது அடக்கிக்கொள்கிறேன். அந்த இடம் வருவதற்கு முன் 'ம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது மூன்று தடவையும் இருந்தது. வீணை அங்கே இல்லை, நான் முழுசாக இருந்தேன். குக்கர் வந்தது. வளையல் வந்தது. அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடிக்கொண்டார், கியர்பாக்ஸுக்கு மூடுகிற மாதிரியே. எனக்கு அதைப் பார்க்கவும் ஆத்திரமாகத்தான் வந்தது.

இருபத்தேழாவது நிமிடம். ஆலாபனையை முடித்து, தானத்துக்குப் போகுமுன் நான் கையை எடுத்து மூச்சு விட்ட இடம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், ஹாலில், போனில் ஒரு குரல். மெல்லியதுதான், ஆனால் தெளிவாக இருந்தது.

"இல்ல சார், டிவி இல்ல. ஒண்ணுமில்ல, வீட்ல ஏதோ சத்தம். நீங்க சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். கை தானாக நிறுத்துகிற பொத்தானுக்குப் போயிற்று. நிறுத்தவில்லை, அங்கேயே நின்றது.

"இது இருக்கறது உனக்கு முன்னயே தெரியுமா?" என்றார்.

"நாலு வருஷமாத் தெரியும். நீங்க மொத ஷிஃப்டு போற வாரமெல்லாம் கேக்கறேன்."

"சொல்லவே இல்லியே."

"ஒரு தடவ உக்காந்து கேட்டிருந்தா நான் சொல்ல வேண்டியதே இல்ல."

அவர் மிச்சமிருந்த கழிவையும் கடைசி வரை கேட்டார். பிறகு இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கூட்டுவதற்கு முன் திரையைப் பார்த்தபடியே, "அந்த எடத்த மட்டும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். எதையும் செய்வதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணையும் எடுக்காதீங்க" என்றேன்.

கூட்டினார். இம்மி குறையாமல் வந்தது. என் கோபம் போயிற்றா என்று கேட்டால், இல்லை, போகவில்லை. மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன், அவரும் எழுந்திருக்கவில்லை. சுருதி மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. சஹானா வந்தது. பதினொன்றில் குக்கர், பத்தொன்பதில் வளையல். இருபத்தாறு தாண்டியதும் அவர் தலை தானாகக் குனிந்தது. அவர் குரல் வந்தது, வீட்டில் ஏதோ சத்தம் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. குனிந்த தலை நிமிர்வதற்கு முன் பதிவில் நான் தானத்தைத் தொடங்கியிருந்தேன்.